உறங்கும் முன் அணைக்கும் அடுப்பு

குளிர்காலம் தொடங்கிவிட்டால் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் எங்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. “இவ்வருடமும் கூடாரத்துக்குப் போகிறீர்களா? அந்தக் குளிரில் எப்படித்தான் உறங்குகிறீர்கள்?” சிலர் ஆவலோடு கேட்கின்றனர். சிலர், பிள்ளைகளையும் அழைத்துச் செல்கிறோமே என்ற கண்டிப்போடு கேட்கின்றனர். இரு சாராருக்கும் நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் எங்களிடம் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் என்பது மைத்துனர்கள் இருவரும் எங்கள் ஆண்மக்கள் மூவருமாகும். ஒவ்வொரு ஜனவரி இறுதியிலும் ரொறொன்ரோவிலிருந்து வடக்கே மூன்றரை மணி நேரம் வண்டியோட்டி அல்கொன்குவின் மாகாணப் பூங்காவுக்குச் செல்கிறோம். 1893இல் நிறுவப்பட்ட அப்பூங்காவின் ஊடாக 60ஆம் இலக்க நெடுஞ்சாலை செல்கிறது. அச்சாலையை ஒட்டிய மியூ ஏரி முகாம் திடல் குளிர்காலத்திலும் திறந்திருக்கும். அங்கே பருத்தித் துணிக் கூடாரம் ஒன்றில் இரண்டு இரவுகள் தங்குவோம். இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகைக்கு இறங்குவது அங்கே புதுமையன்று. கூடாரத்தினுள் நாங்களே செய்த விறகடுப்பு ஒன்று இருக்கும். இக்கட்டுரை அந்த அடுப்பைப் பற்றியது. அதை எரிக்கும் முறையைவிட, அதை அணைக்கும் முறையே இதில் முக்கியமானது.

இந்தப் பயணத்தை முதலில் எதிர்த்தவர் உம்மா. எங்களில் ஒருவரைப் பெற்றவர், மற்றவருக்கு மாமி. மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, கைக்குழந்தையோடு படகேறிக் கற்பிட்டியில் கரை சேர்ந்து, பின்னர் புத்தளத்தில் கிடுகு வேய்ந்த முகாம் குடிசையில் பல வருடங்கள் வாழ்ந்தவர். “எங்களுக்குப் போக்கிடம் இல்லாததால் முகாமில் கிடந்தோம். அல்லாஹ் வீட்டைத் தந்த பிறகு நீங்கள் ஏன் மகன் கூடாரத்தைத் தேடிப் போகிறீர்கள்?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு நாங்கள் சொன்ன பதில் எளிமையானது. எங்கள் பிள்ளைகளுக்கு வெப்பம் என்பது சுவரில் தெரியும் ஓர் எண். விரலால் அழுத்தினால் அது கூடும். மீண்டும் அழுத்தினால் குறையும். அந்த எண்ணுக்குப் பின்னே மரமும், தீயும், காற்றும், ஒருவரின் உழைப்பும் இருப்பதை அவர்கள் கண்டதில்லை. இரண்டு நாட்களாவது அதைக் கையால் தொட்டு அறியட்டும் என்றோம். உம்மா நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு ஒரேயொரு நிபந்தனை விதித்தார். “பிள்ளைகள் உறங்கும்போது அந்த இடத்தில் நெருப்பு எரியக் கூடாது.” முகாமில் ஒவ்வோர் இரவும் குப்பி விளக்கை ஊதி அணைத்து, திரி கருகி ஆறும் வரை பார்த்திருந்து, அதன் பிறகே அவர் பாயில் சாய்வாராம். கிடுகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவே பிள்ளை வளர்த்த ஒருவரின் சொல் அது. அடுப்பின் முதல் ஆணி அறையப்படுவதற்கு முன்பே அதன் அமைப்பை அந்த நிபந்தனை தீர்மானித்துவிட்டது.

கூடாரத்துள் அடுப்பு வைப்பது புதிய யோசனையன்று. கனடாவின் வடபகுதியில் வாழும் கிறீ, இன்னு மக்கள் மெல்லிய தகர அடுப்புகளைத் துணிக் கூடாரத்துள் வைத்துக் கடுங்குளிரைக் கடந்து வந்திருக்கின்றனர். அமெரிக்க இராணுவத்தில் ஹென்றி ஹொப்கின்ஸ் சிப்லி என்ற அதிகாரி, சமவெளிப் பூர்வகுடிகளின் கூம்புக் கூடாரத்தைப் பார்த்துத் தாம் வடிவமைத்த கூடாரத்துக்கு 1856இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் வழங்கும் கூம்பு வடிவ இரும்புத் தகட்டு அடுப்பு, இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை அந்த இராணுவத்தின் பயன்பாட்டில் இருந்தது. வடிவங்கள் பலவாயினும் இவ்வடுப்புகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே. நெருப்பு ஒரு மூடிய பெட்டிக்குள் எரிய வேண்டும். புகை முழுவதும் ஒரு குழாய் வழியே கூரைக்கு மேலே போய்ச் சேர வேண்டும். இவ்விரண்டில் பின்னதே கடினமானது.

எங்களில் ஒருவர் கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் பொருத்தும் தகட்டு வேலைக்காரர். ஆகவே கருவிகளும் கைப்பழக்கமும் வீட்டிலேயே இருந்தன. பெட்டி மட்டுமே தேவைப்பட்டது. இராணுவத்தின் பழைய பொருட்களை விற்கும் கடையில், பெரிய தோட்டாக்கள் அடைத்து வந்த பச்சை நிற இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கினோம். நீளம் ஏறத்தாழ 43 சென்ரிமீற்றர், உயரம் 36, அகலம் 20. கனமான உருக்குத் தகடு. இறுக மூடும் மூடி. தூக்கிச் செல்லக் கைப்பிடி. இத்தகைய பெட்டியைக் கொண்டு அடுப்புச் செய்வது இங்கே குளிர்கால முகாமிடுவோரிடையே பரவலான வழக்கம். கராஜுக்குள் அதைக் கண்ட உம்மா, பக்கவாட்டில் வெள்ளை எழுத்துக்களால் எழுதப்பட்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அவர் அத்தகைய பெட்டிகளைச் சோதனைச் சாவடிகளில் கண்டவர்.

வேலையின் ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மூடியின் உட்புறத்தில் காற்றுப் புகாதிருக்க இட்டிருந்த இறப்பர்ப் பட்டையை முதலில் உரித்தெடுத்தோம். அது எரிந்தால் நச்சுப் புகை எழும். அவ்விடத்தில் அடுப்புக் கதவுகளுக்கென்றே விற்கப்படும் கண்ணாடி இழைக் கயிற்றைப் பதித்தோம். பழைய வீடுகளில் கழற்றிய கயிறு கிடைத்தால் அதைத் தொடாதீர்கள். அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். பெட்டியின் குறுகிய முகப்பில் 15 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு கதவு வெட்டி, கீல் வைத்தோம். கதவுக்குக் கீழே காற்று நுழைய மூன்று துளைகளிட்டு, அவற்றின் மேல் நகரும் தகடு ஒன்றைப் பொருத்தினோம். மூடியின் பின்பகுதியில் 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாய்க்கு வாய் வெட்டினோம். அந்த வாய்க்குச் சற்றுக் கீழே, பெட்டியின் பின்சுவரிலிருந்து முன்னோக்கி ஒரு குறுக்குத் தகடு வைத்தோம். அது இல்லையேல் சுவாலை நேரே குழாய்க்குள் ஏறி, வெப்பம் முழுவதும் வானத்துக்குப் போய்விடும். தகடு இருந்தால் சுவாலை முன்னே வந்து, மடங்கி, மூடியைச் சூடாக்கிவிட்டே வெளியேறும். அதன் மேல் கேத்தலும் வைக்கலாம்.

குழாயில் சிக்கனம் பார்க்கலாகாது. கடைகளில் மலிவாகக் கிடைப்பது நாகம் பூசிய குழாய். மிகச் சூடேறும்போது அந்தப் பூச்சிலிருந்து எழும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் உண்டாகும். பட்டறைகளில் வேலை செய்தோர் அதை நன்கறிவர். ஆகவே கறையில் உருக்குக் குழாய்களையே வாங்கினோம். அவற்றை ஒன்றோடொன்று செருகும்போது மேற்குழாயின் ஒடுங்கிய முனை கீழ்க்குழாயின் உள்ளே இறங்க வேண்டும். அப்போதுதான் குழாயில் படியும் தார்நீர் வெளியே வழியாமல் அடுப்புக்குள்ளேயே திரும்பும். ஒவ்வோர் இணைப்பையும் மூன்று திருகாணிகளால் இறுக்கினோம். குழாயின் உச்சி கூடாரத்தின் முகட்டைவிட உயர்ந்து நிற்க வேண்டும். அதன் நுனியில் தீப்பொறிகளைத் தடுக்கும் கம்பி வலை இருக்க வேண்டும். அந்த வலையில் புகைக்கரி அடைத்துக்கொள்ளும் என்பதால் ஒவ்வொரு நாளும் தட்டிச் சுத்தம் செய்வோம்.

அடுப்பு முடிந்ததும் வீட்டுப் பின்வளவில் இரண்டு முறை பெருந்தீ மூட்டினோம். பூச்சு முழுவதும் எரிந்து தீரும் வரை அதைக் கூடாரத்துள் வைக்கலாகாது. முதல் தீயில் பச்சை நிறம் கறுத்துப் பொருக்காக உதிர்ந்தது. இரண்டாம் தீயில் எழுத்துக்களும் போயின. மறுநாள் காலையில் சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் இரும்புப் பெட்டி மிஞ்சியது. உம்மா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இப்போது இது அடுப்பு” என்றார்.

இனி, உம்மாவின் நிபந்தனை இந்த அடுப்பை எவ்வாறு மாற்றியது என்பதைச் சொல்ல வேண்டும். இவ்வளவு சிறிய பெட்டியில் ஒரு முறை இடும் விறகு அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரம் எரியும். இரவு முழுவதும் எரிய வேண்டுமென்றால் ஒருவர் எழுந்தெழுந்து விறகிட வேண்டும். எழுவதற்குச் சோம்பலுற்றவர்கள் வேறொரு வழியை நாடுகின்றனர். பெட்டி நிறைய விறகிட்டு, காற்றுத் துளையையும் குழாயில் உள்ள தடுப்பையும் ஏறத்தாழ மூடிவிடுகின்றனர். சுவாலை தணிந்து விறகு மணிக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். வெப்பமும் நீடிக்கும். ஆனால் காற்றுக் குறைந்த நெருப்பு காபனோரொட்சைட்டை மிகுதியாக உண்டாக்குகிறது. குழாய் குளிர்ந்துவிடுவதால் அதை மேலே இழுக்கும் விசையும் தளர்கிறது. பெட்டியில் நச்சு பெருகும் அதே வேளையில் அது வெளியேறும் வழி அடைபடுகிறது.

அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றுடன் இணைகிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். அவர் எழுந்து வெளியே போவார். உறங்குகிறவருக்கோ உறக்கம் ஆழமாகும், அவ்வளவே. ஆகவே எங்கள் அடுப்பில் முற்றாக மூடக்கூடிய எதையும் வைக்கவில்லை. குழாயின் உள்ளே இருக்கும் வட்டத் தடுப்பில் ஒரு பகுதியை வெட்டி நீக்கினோம். காற்றுத் துளையின் தகட்டுக்கு ஓர் ஆணி வைத்தோம். ஒரு துளை எப்போதும் திறந்தே இருக்கும். நள்ளிரவில் குளிரால் விழித்து, அரைத் தூக்கத்தில் நீளும் கைக்கு அந்த வாய்ப்பை விட்டுவைக்கலாகாது என்பதே எங்கள் எண்ணம். இந்த அடுப்பு நன்றாக எரியும், விரைவாக எரிந்து தீரும். நீண்ட நேரம் புகைய அதனால் முடியாது.

முகாம் திடலை அடைந்ததும் செய்யும் வேலைகளுக்கும் ஓர் ஒழுங்குண்டு. பனியை மிதித்து இறுக்கி, அடுப்பு நிற்குமிடத்தில் கனமான மரத்துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் தகடு விரித்து அடுப்பை வைப்போம். வெறும் பனியின் மேல் வைத்தால் அடியில் பனி உருகி அடுப்பு சாயும். சாய்ந்தால் குழாயின் இணைப்புகள் விலகும். பெட்டியின் அடியில் இரண்டு விரற்கடை மணல் பரப்புவோம். தணல் நேரடியாகத் தகட்டைத் தின்னாமல் அது காக்கும். குழாய் கூடாரத்தை விட்டு வெளியேறும் துவாரத்தைச் சுற்றிச் சூடு தாங்கும் கண்ணாடி இழைத் துணி தைக்கப்பட்டிருக்கிறது. நைலோன் கூடாரத்தில் இதை முயலாதீர்கள். ஒரு பொறி போதும், துணி உருகிவிடும். கூடாரத்தின் கீழே ஒரு திறப்பும் முகட்டில் ஒரு திறப்பும் எக்குளிரிலும் திறந்தே இருக்கும். கீழ்த்திறப்பால் அடுப்புக்கும் எங்களுக்கும் காற்று வரும். மேல்திறப்பால் ஐந்து பேரின் மூச்சிலுள்ள ஈரம் போகும். இல்லையேல் அது துணியில் உறைந்து, காலையில் எங்கள் மேலேயே உதிரும்.

விறகை நாங்கள் நகரத்திலிருந்து கொண்டுபோவதில்லை. ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் மரகத வண்டு 2002இல் மிச்சிகனிலும் அதையடுத்த வின்ட்சரிலும் கண்டறியப்பட்டது. அதன் புழுக்கள் விறகுக் கட்டைகளுக்குள் ஒளிந்து ஊர் விட்டு ஊர் செல்கின்றன. ஆகவே பூங்காவில் விற்கும் விறகையே வாங்கி, அதைப் பெருவிரல் தடிப்புக்கும் மணிக்கட்டுத் தடிப்புக்கும் பிளந்துகொள்வோம். பிள்ளைகள் மூவருக்கும் முதல் நாள் பிற்பகல் முழுவதும் இந்த வேலைதான். இரண்டு இரவுகளுக்கு எவ்வளவு விறகு தேவை என்பதை அவர்களின் தோள்கள் அறிந்துகொள்கின்றன.

தீ மூட்டும்போது முதலில் ஒரு தாளைக் கொளுத்திக் குழாயின் வாயருகே பிடிப்போம். குளிர்ந்த குழாயில் கனத்த காற்று அடைத்து நிற்கும்; அது சூடேறி எழுந்த பின்னரே புகை மேலே போகும். அதன் பிறகு சுள்ளி, பிறகு விறகு. பத்து நிமிடங்களில் கூடாரம் வீடாகிவிடும். கையுறை கழலும், மேலங்கி கழலும். பனியை உருக்குவதற்குப் பாத்திரத்தின் அடியில் முதலில் சிறிது நீர் ஊற்றுவோம். வெறும் பனியை இட்டால் பாத்திரம் கருகும். அந்த நீரில்தான் தேநீரும் உளூவும். மாலை ஐந்து மணி கடந்ததும் இருட்டிவிடும் ஊரில் இரவு மிக நீளமானது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே பேசுவதற்கு எங்களுக்கு நிறைய நேரம் இருந்தது.

அந்தப் பேச்சில்தான், முதல் வருடம், எங்கள் நடுப்பிள்ளை அக்கேள்வியைக் கேட்டான். அவனுக்கு அப்போது பதினான்கு வயது. “வாப்பா, வீட்டில் நாங்கள் உறங்கும்போது நிலக்கீழ் அறையில் ஃபர்னஸ் இரவு முழுவதும் எரிகிறதே. அதுவும் நெருப்புத்தானே? அதை மட்டும் உம்மம்மா ஏன் அணைக்கச் சொல்வதில்லை?”

நல்ல கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க நாங்கள் விரும்பவில்லை. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு தீப்பற்றிக்கொண்டது. அச்செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு உங்களுக்குப் பகைவன் என்றும் உறங்கச் செல்லும்போது அதை அணைத்துவிடுங்கள் என்றும் அறிவுறுத்தினார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. மற்றோர் அறிவிப்பில் காரணமும் சொல்லப்படுகிறது: எலி விளக்கின் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும். இதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவி அவர்கள், பள்ளிவாசல்களில் தொங்கவிடப்படும் விளக்குகளால் அத்தகைய ஆபத்து இல்லையெனில் அவற்றை விட்டுவைப்பதில் தவறில்லை என்ற கருத்தைக் கூறியுள்ளார்கள். அதாவது இங்கே காரணமே அளவுகோல்.

அந்த அளவுகோலை மகனின் கையிலேயே கொடுத்தோம். வீட்டு ஃபர்னஸில் நெருப்பு எங்கே எரிகிறது, அது தவறினால் யார் தடுப்பார் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னோம். அவன் ஒவ்வொன்றாக எண்ணினான். உலோகப் பெட்டிக்குள் எரிகிறது. சுவாலை அணைந்தால் வாயு தானே நிற்கும். மிகையாகச் சூடேறினால் தானே அணையும். புகை தனிக்குழாயால் வெளியேறும். தொழில் கற்ற ஒருவர் வந்து பரிசோதிப்பார். இவை அனைத்தும் தவறினாலும் சுவரில் எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. எரிபொருள் அடுப்புள்ள வீடுகளில் உறங்கும் அறைகளுக்கு அருகே அதை வைப்பது ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டப்படி கட்டாயம். “இந்த அடுப்புக்கு யார் காவல்?” என்று கேட்டோம். அவன் கூடாரத்தைச் சுற்றிப் பார்த்தான். “நாங்கள்தான்” என்றான். “நாங்கள் உறங்கிவிட்டால்?” அதற்கு அவன் பதில் சொல்லவில்லை; சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

எச்சரிக்கைக் கருவி எங்கள் கூடாரத்திலும் உண்டு. ஆனால் அதன் மீது முழு நம்பிக்கை வைக்க முடியாது. இவற்றில் பல உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பநிலைக்கே உத்தரவாதம் பெற்றவை. குளிரில் மின்கலமும் சோர்ந்துவிடும். எனவே கருவி இருக்கிறதே என்று எந்தக் காவலையும் நாங்கள் தளர்த்துவதில்லை.

எங்கள் ஒழுங்கு இதுதான். அடுப்பு எரியும் வேளையில் பெரியவர்களில் ஒருவராவது எழுந்து அமர்ந்து விழித்திருப்பார். படுத்துக்கொண்டு விழித்திருப்பது கணக்கில் சேராது. ஒன்பது மணிக்குக் கடைசி விறகை இடுவோம். காற்றுத் துளைகளை முழுவதும் திறந்து, அது சுவாலையோடு எரிந்து தீர விடுவோம். பலரும் அறியாத ஒன்று, சுவாலை அடங்கிச் செந்தணல் மட்டும் மிஞ்சும் நேரமே காபனோரொட்சைட்டைப் பொறுத்தவரை மிக ஆபத்தானது. புகை தெரியாது, நெருப்பு தீர்ந்துவிட்டது போன்ற தோற்றம் இருக்கும், ஆனால் தணல் நச்சைக் கக்கிக்கொண்டிருக்கும். ஆகவே எஞ்சிய தணலை நீண்ட கரண்டியால் இரும்பு வாளியில் அள்ளி, கூடாரத்துக்கு வெளியே தூரத்தில் வைத்து, பனியால் மூடுவோம். சூடான அடுப்புக்குள் நீரை ஊற்றுவதில்லை. ஆவி கையைச் சுடும், தகடு நெளியும். பத்து மணிக்குள் அடுப்பு வெறுமையாகிவிடும்.

துணிக் கூடாரம் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்காது. அடுப்பு அணைந்த அரை மணி நேரத்துக்குள் உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். ஆகவே உறக்கத்தில் எங்களைக் காப்பது அடுப்பன்று. உடலின் சூட்டைத் தரை உறிஞ்சாதிருக்க இரட்டை நுரைப்பாய், அக்குளிருக்கு ஏற்ற உறக்கப்பை, வியர்வை படியாத மாற்றுடை, கம்பளித் தொப்பி ஆகியவையே காவல். அடுப்பு தன் பங்கைப் படுக்கைக்கு முன்பே தந்துவிடுகிறது. ஈரக் காலுறைகளை அது உலர்த்திக் கொடுத்திருக்கும். வயிற்றில் சூடான உணவு இருக்கும். ஒவ்வொருவரின் பையினுள்ளும் அதில் காய்ச்சிய வெந்நீர்ப் போத்தல் ஒன்று காலடியில் கிடக்கும். அந்தப் போத்தல் பாதி இரவைக் கடத்திவிடும்.

இரண்டாம் வருடத்தின் இரண்டாம் இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 28 பாகைக்கு இறங்கியது. இரண்டு மணியளவில் இளையவன் பற்கள் நடுங்க எழுந்து அமர்ந்தான். அவனுக்குப் பதினொரு வயது. அடுப்பை மூட்டி, அவனைச் சூடாக்கி, நாங்களும் அந்தச் சூட்டிலேயே விடியும் வரை உறங்கிவிடலாம் என்ற எண்ணம் எங்கள் இருவருக்கும் எழாமலில்லை. உடல் அதைத்தான் கேட்டது. கூடாரத்துக்கு வெளியே ஏரி உறைந்து வெடிக்கும் ஓசை இடையிடையே கேட்டது. நாங்கள் இருவரும் எழுந்து அடுப்பை மூட்டினோம். ஒருவர் அவனை மடியில் சாய்த்துக்கொண்டார், மற்றவர் விறகிட்டார். இனிப்புத் தேநீர் கொடுத்தோம். போத்தல்களில் வெந்நீரை மாற்றினோம். ஒரு மணி நேரம் கழிந்ததும் அவன் கைவிரல்களும் கால்விரல்களும் சூடேறியதைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்தோம். பின்னர், உறக்கம் கண்ணை அழுத்திய அந்த வேளையிலும், தணலை அள்ளி வெளியே கொண்டுபோய்ப் பனியில் புதைத்துவிட்டே படுத்தோம். அவன் சூடேறாதிருந்தால் கூடாரத்தைக் கைவிட்டு வண்டியில் ஏறி வீடு திரும்புவது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். வண்டியை நாற்பது அடி தூரத்துக்குள் நிறுத்தி, அதன் புகைக்குழாயைப் பனி மூடாதபடி வைத்திருப்பதும் எங்கள் ஒழுங்கில் ஒன்று.

சுபஹுக்கு எழுப்பியபோது அவன் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். சுள்ளியும் விறகும் முந்திய இரவே அடுப்பருகே அடுக்கப்பட்டிருந்ததால் ஒரு தீக்குச்சி போதுமாயிருந்தது. கேத்தலில் உறைந்திருந்த நீர் உருகிச் சூடாகும் வரை காத்திருந்து உளூச் செய்து, ஐவரும் தோளோடு தோள் ஒட்டி நின்று தொழுதோம்.

சூரா வாகிஆவில் இறைவன் நெருப்பைப் பற்றி மனிதனிடம் கேட்கிறான்: நீங்கள் மூட்டும் நெருப்புக்குரிய மரத்தை உண்டாக்கியவர் யார்? தொடர்ந்து, அதை ஒரு நினைவூட்டலாகவும் பயணிகளுக்குப் பயனளிப்பதாகவும் ஆக்கியதாகச் சொல்கிறான். அதே நெருப்பை நபியவர்கள் பகைவன் என்றும் அழைத்தார்கள். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று எங்கள் பிள்ளைகள் இப்போது கருதுவதில்லை. விழித்திருப்பவனுக்கு அது அருள். உறங்கிவிட்டவனுக்கு அது பகை. நெருப்பின் தன்மை மாறுவதில்லை. காவல் இருக்கிறதா இல்லையா என்பதே மாறுகிறது.

கூடாரத்துக்கு ஒருபோதும் போகாதவர்களுக்கும் இது பொருந்தும். 2013 டிசம்பரில் பனிக்கட்டி மழை பொழிந்து ரொறொன்ரோவில் இலட்சக்கணக்கான வீடுகள் மின்சாரத்தை இழந்தபோது, கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாமென்று அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரிக்க வேண்டியிருந்தது. 2021 பெப்ரவரியில் டெக்சாஸ் மாநிலம் உறைந்தபோது, குளிர்தாங்க முயன்ற பலர் இதே வாயுவால் உயிரிழந்தனர். வெப்ப நாடுகளிலிருந்து வந்த எங்களைப் போன்றோருக்கு, திறந்த முற்றத்தில் கரி மூட்டிப் பழக்கமுண்டு. ஓட்டிடுக்கிலும் கிடுகிடுக்கிலும் புகை தானே போகும் வீடுகளில் வளர்ந்தோம். இந்நாட்டு வீடுகளோ குளிருக்காக இறுக மூடப்பட்டவை. மின்சாரம் நின்றால் கரியடுப்பையோ எரிவாயு அடுப்பையோ வெப்பத்துக்காக உள்ளே மூட்டாதீர்கள். ஓரறையில் அனைவரும் கூடி, போர்வைகளைப் பகிர்ந்து, நெருப்பின்றி இரவைக் கழிக்க இயலும்.

அடுப்புச் செய்ய விரும்புவோர் எங்களிடம் வாருங்கள். பெட்டி வெட்டவும் குழாய் பொருத்தவும் கராஜில் இடமுண்டு, கருவிகள் உண்டு. ஆனால் தகட்டை வெட்டும் முன் ஒன்றை முடிவு செய்துகொண்டு வாருங்கள். அது எரியும்போது யார் விழித்திருப்பார், உறங்கும் முன் தணலை யார் வெளியே கொண்டுபோவார்? அந்த இரண்டு பேரின் பெயர்களைச் சொல்ல முடிந்தால், மற்ற அனைத்தும் ஒரு சனிக்கிழமை வேலைதான்.